சர்க்கரை 1.5 கிராம் என்கிறது பாக்கெட், 8.9 என்கிறது மீட்டர்

கேள்வி: வணக்கம். எனக்கு 57 வயது, டர்பனில் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறேன். ஒன்பது வருடமாக டைப் 2 நீரிழிவு. மெட்ஃபார்மின் மட்டும் எடுக்கிறேன். ஜனவரியிலிருந்து டாக்டரிடம் சொல்லிவிட்டு ஒரு நாளைக்கு 60 கிராம் மாவுச்சத்துக்குள் சாப்பிட்டு வருகிறேன். சோறு, ரொட்டி, பாப் என்ற மக்காச்சோளக் களி, உருளைக்கிழங்கு எதுவும் இல்லை. காலையில் வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை 6.2, 6.5 மில்லிமோல் என்று நன்றாக இருந்தது. புரட்டாசி விரதம் தொடங்கி மூன்றாவது வாரத்தில் 8.9 காட்டுகிறது. மீன், கோழி, முட்டை விட்டதால் கொத்துக்கறி போன்ற சோயா மின்ஸ், சோயா சாசேஜ், பேக்டு பீன்ஸ் என்று சமைக்கிறேன். லேபிள் பார்க்காமல் எதையும் வாங்குவதில்லை. சர்க்கரை 5 கிராமுக்கு மேல் இருந்தால் திரும்ப அலமாரியில் வைத்துவிடுவேன். மாவுச்சத்திலிருந்து நார்ச்சத்தைக் கழித்துத்தான் கணக்கு எழுதுகிறேன். நாளுக்கு 55 தாண்டவில்லை. அடுத்த முறையும் இப்படியே இருந்தால் கிளிக்ளசைடு மாத்திரையும் சேர்க்க வேண்டும் என்கிறார் டாக்டர். லேபிள் பொய் சொல்கிறதா, நான் தப்பாகப் படிக்கிறேனா? பாக்கெட்டுகளில் இருந்ததையும், எப்படிச் சமைக்கிறேன் என்பதையும் அப்படியே எழுதி அனுப்பியிருக்கிறேன். பொருள் பட்டியலை எப்படிப் படிப்பது என்றும் சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள அம்மா, வணக்கம்.

லேபிள் பொய் சொல்லவில்லை. நீங்களும் அக்கறையோடுதான் படித்திருக்கிறீர்கள். ஆனால் பார்த்த வரி வேறு, பார்க்க வேண்டிய வரி வேறு. அதோடு, தென்னாப்பிரிக்க லேபிளில் கழிக்கக் கூடாத ஒன்றைக் கழித்திருக்கிறீர்கள். நீங்கள் அனுப்பிய விவரங்களை வைத்தே கணக்குப் போட்டால், உங்கள் புரட்டாசி நாள் ஒன்றில் 55 அல்ல, ஏறக்குறைய 110 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. அது எங்கிருந்து வந்தது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் சோயா மின்ஸ் பாக்கெட். 100 கிராம் உலர்ந்த பொடிக்கு என்று நீங்கள் எழுதியிருப்பது இது: ஆற்றல் 1250 கிலோஜூல், புரதம் 28 கிராம், க்ளைசீமிக் கார்போஹைட்ரேட் 34 கிராம், அதில் மொத்தச் சர்க்கரை 6 கிராம், கொழுப்பு 2.5 கிராம், நார்ச்சத்து 13 கிராம். ஒரு பரிமாறல் 25 கிராம் என்பதால், பரிமாறல் கட்டத்தில் சர்க்கரை 1.5 கிராம்தான். அந்த எண்ணைப் பார்த்து வாங்கியிருக்கிறீர்கள்.

சர்க்கரை வரியில் வருவது குளுக்கோஸ், ஃபிரக்டோஸ், சுக்ரோஸ், லாக்டோஸ் போன்ற சின்ன மூலக்கூறுகள் மட்டுமே. ஸ்டார்ச் அந்த வரியில் வராது. மால்டோடெக்ஸ்ட்ரினில் பெரும்பங்கும் வராது. ஆனால் குடலுக்குள் போனதும் இரண்டும் குளுக்கோஸாகத்தான் உடைகின்றன. மால்டோடெக்ஸ்ட்ரின் ரத்தச் சர்க்கரையை ஏற்றும் வேகத்தில் வெறும் குளுக்கோஸுக்குக் கிட்டத்தட்ட சமம். நாக்குக்கு அது இனிப்பாகவே தெரியாது. அதனால்தான் உப்புக் காரமான பொருள்களிலும் அதைத் தாராளமாகச் சேர்க்கிறார்கள். வெள்ளைச் சோற்றின் சர்க்கரை வரியைப் போட்டாலும் ஏறக்குறைய பூஜ்யம்தான் வரும். சோற்றை நிறுத்தியவர் நீங்கள். அதே காரணத்துக்காகச் சர்க்கரை வரியை நம்புவதையும் நிறுத்த வேண்டும். நீரிழிவுக்காரருக்கு முதலில் பார்க்க வேண்டியது அதற்கு மேலே உள்ள க்ளைசீமிக் கார்போஹைட்ரேட் வரி. சர்க்கரை அதற்குள் ஒரு பங்கு.

அடுத்தது கழித்தல். தென்னாப்பிரிக்க லேபிள் விதிகள் (2010-இல் வந்த ஆர் 146, 2012 மார்ச் முதல் நடைமுறையில்) இந்த வரிக்கு வைத்த பெயரே க்ளைசீமிக் கார்போஹைட்ரேட். அதாவது ரத்தச் சர்க்கரையாக மாறக்கூடிய மாவுச்சத்து மட்டும். நார்ச்சத்து அதில் சேரவே இல்லை. தனி வரியாகக் கீழே நிற்கிறது. நீங்கள் 34-இல் 13-ஐக் கழித்து 21 என்று எடுத்து, 25 கிராம் பரிமாறலுக்கு ஐந்தே கால் கிராம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஏற்கெனவே கழித்து எழுதிய எண்ணிலிருந்து இன்னொரு முறை கழித்ததாகிவிட்டது. நார்ச்சத்து அதிகமுள்ள பொருளில்தான் இந்தப் பிழை பெரிதாகும். குறைந்த மாவுச்சத்து என்று விற்பவை பெரும்பாலும் நார்ச்சத்து கூடியவைதான். அதனால் இந்தத் தப்பு சரியாக உங்களைப் போன்றவர்களைத்தான் பிடிக்கிறது.

நார்ச்சத்தைக் கழிக்கும் வழக்கம் அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே லேபிளில் டோட்டல் கார்போஹைட்ரேட் என்று போடுகிறார்கள். அதற்குள் நார்ச்சத்தும் அடக்கம். அதைக் கழிப்பது அங்கே சரி. கனடா லேபிளும் அப்படியே. பிரிட்டன், ஐரோப்பா, ஆஸ்திரேலியா லேபிள்களில் நம் நாட்டைப் போல நார்ச்சத்து ஏற்கெனவே வெளியே. அவற்றில் கழிக்கக் கூடாது. டர்பன் கடைகளில் இந்த எல்லா நாட்டுப் பாக்கெட்டும் ஒரே அலமாரியில் நிற்பதால்தான் குழப்பம். சென்னையிலிருந்து தங்கை கொண்டுவரும் பாக்கெட்டுகளில் நார்ச்சத்து வரியே இல்லாமலும் இருக்கலாம். அப்படியானால் எதையும் கழிக்காமல் இருக்கிற எண்ணையே முழுதாக எடுத்துக்கொள்ளுங்கள். கூடுதலாக எண்ணிவிட்டால் உங்களுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை.

கழிக்கலாமா கூடாதா என்று சந்தேகம் வந்தால் பாக்கெட்டையே சாட்சி சொல்ல வைக்கலாம். ஒரு கிராம் புரதத்துக்கு 17 கிலோஜூல், மாவுச்சத்துக்கு 17, கொழுப்புக்கு 37, நார்ச்சத்துக்கு 8. உங்கள் சோயா மின்ஸில் போட்டுப் பாருங்கள். 28 பெருக்கல் 17 என்றால் 476. 34 பெருக்கல் 17 என்றால் 578. கொழுப்புக்கு 92. நார்ச்சத்துக்கு 104. கூட்டினால் 1250. பாக்கெட்டில் இருப்பதும் 1250. அதாவது 34 கிராமும் நார்ச்சத்து நீங்கலான, முழு ஆற்றல் தரும் மாவுச்சத்துதான். 34-க்குள் 13 நார்ச்சத்தும் இருந்திருந்தால், மீதி 21-க்கு 357 மட்டுமே வந்து, கூட்டுத்தொகை 1030-க்குப் பக்கத்தில் நின்றிருக்கும். கடையில் கைபேசிக் கணிப்பானில் அரை நிமிட வேலை. அமெரிக்க, இந்தியப் பாக்கெட்டுகளில் ஆற்றல் கலோரியில் இருக்கும். அவற்றுக்கு 4, 4, 9, 2 என்று வைத்துக்கொள்ளுங்கள். சில நாடுகளில் நார்ச்சத்தின் ஆற்றலைச் சற்று வேறாகக் கணக்கிடுவார்கள். அதனால் ஐந்து, பத்து விழுக்காடு வித்தியாசத்தைப் பொருட்படுத்த வேண்டாம். பெரிய இடைவெளி இருந்தால் மட்டும் கவனியுங்கள்.

இனி அளவு. பரிமாறல் என்பது கம்பெனி தீர்மானித்த எண், உங்கள் தட்டு தீர்மானித்ததல்ல. 200 கிராம் பாக்கெட்டில் பாதியை நீங்களும் வீட்டுக்காரரும் ஒரு வேளைக்குச் சமைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஆளுக்கு 50 கிராம் உலர் பொடி. மாவுச்சத்து 17 கிராம். உங்கள் நோட்டில் அது 5.25. சில பாக்கெட்டுகளில் 100 கிராமுக்கான கட்டம், தண்ணீர் சேர்த்துச் சமைத்த பிறகு உள்ள எடைக்கு இருக்கும். மேலே உலர்ந்ததற்கா, தயாரித்ததற்கா என்று ஒரு சொல் நிற்கும். அதைப் பார்க்காமல் எண்ணைத் தொடாதீர்கள். உலர்ந்த 50 கிராம், தண்ணீரைக் குடித்து மூன்று நான்கு மடங்கு எடையாகும். தயாரித்ததற்கான எண்ணை உலர்ந்த எடையோடு பெருக்கினால் கணக்கு மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும்.

அந்த மின்ஸ் குழம்பு கெட்டியாக வர அரைப் பாக்கெட் பிரவுன் ஆனியன் சூப் பொடி கொட்டுகிறீர்கள். இங்கே பாதி வீடுகளில் இதுதான் பழக்கம், சுவையும் அதற்குப் பழகிவிட்டது. அந்தச் சூப் பொடியின் பொருள் பட்டியலில் முதலிடம் சோள ஸ்டார்ச்சுக்கு, பிறகு உப்பு, மால்டோடெக்ஸ்ட்ரின், அதற்குப் பின்னால்தான் வெங்காயம். நீங்கள் எழுதியபடி 55 கிராம் பாக்கெட், 100 கிராமுக்கு 60 கிராம் மாவுச்சத்து. அப்படியானால் ஒரு பாக்கெட்டில் 33. அரைப் பாக்கெட்டை இருவர் சாப்பிட்டால் ஆளுக்கு 8 கிராம். அது உங்கள் கணக்கில் இல்லவே இல்லை. வெங்காயம் தக்காளியை எண்ணெயில் நன்றாகச் சுருள வதக்கினாலே குழம்பு கெட்டியாகும். இன்னும் வேண்டுமென்றால் இரண்டு கரண்டி வெந்த கத்தரிக்காயை மசித்துச் சேருங்கள்.

டீயில் போடும் க்ரீமர் பொடிதான் எனக்கு மிகவும் கவலை தந்தது. பால் அல்ல என்பதால் அதைக் கொழுப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். நீங்கள் அனுப்பிய பட்டியலில் முதல் பொருள் குளுக்கோஸ் சிரப் சாலிட்ஸ். அதாவது சோளத்திலிருந்து எடுத்து உலர்த்திய குளுக்கோஸ் சிரப். 100 கிராமுக்கு 60 கிராம் மாவுச்சத்து. சர்க்கரை வரி மட்டும் சிறிய எண்ணைக் காட்டுகிறது, ஏனென்றால் சிரப்பில் பெரும்பங்கு நீளமான சங்கிலிகள். குவித்த தேக்கரண்டி ஒன்று ஏறக்குறைய 4 கிராம். கோப்பைக்கு இரண்டு, நாளைக்கு மூன்று கோப்பை என்றால் 24 கிராம் பொடி, 14 கிராம் மாவுச்சத்து. அதே ரூய்போஸ் டீக்கு 30 மி.லி. முழுப்பால் விட்டால் கோப்பைக்கு ஒன்றரை கிராம்கூட வராது.

பொதுவாகத் தேக்கரண்டியில் போடுவதைப் பற்றி அதிகம் அலட்டிக்கொள்ள வேண்டாம் என்றே சொல்வேன். வாங்கிய மசாலாவில் கொஞ்சம் ஸ்டார்ச் இருந்தாலும் ஒரு சட்டிக் குழம்பில் அது கரைந்துபோகும். ஆனால் ஒரே தேக்கரண்டி நாளுக்கு ஆறு முறை விழுந்தால் அது கிண்ணக் கணக்குக்கு வந்துவிடும். எத்தனை கிராம் என்பதோடு எத்தனை தடவை என்பதையும் நோட்டில் எழுதுங்கள்.

மற்றவற்றை வேகமாகப் பார்த்துவிடலாம். காலையில் 50 கிராம் சோயா சாசேஜ் இரண்டு. 100 கிராமுக்கு 9 என்பதால் 9 கிராம். மாலையில் 410 கிராம் பேக்டு பீன்ஸ் டின்னில் பாதி. 100 கிராமுக்கு 12 என்றால் 25 கிராம். அதில் சர்க்கரை சேர்க்காதது என்று எழுதிய டின்னை வாங்கினாலும் பெரிய மாற்றம் இருக்காது, அவரையின் ஸ்டார்ச் அங்கேயேதான் இருக்கும். இரவில் சுகர் ஃப்ரீ பிஸ்கட் மூன்று, ஒன்று 10 கிராம், 100 கிராமுக்கு 60. ஆக 18 கிராம். கோதுமை மாவில் செய்த பிஸ்கட்டில் சர்க்கரையை எடுத்துவிட்டால் மிஞ்சுவது கோதுமை மாவு. சுகர் ஃப்ரீ என்ற சொல் சர்க்கரை வரிக்கு மட்டுமே உத்தரவாதம்; மாவுக்கு அல்ல.

சாசேஜ் 9, டீ 14, மின்ஸ் 17, சூப் 8, பீன்ஸ் 25, பிஸ்கட் 18. மொத்தம் 91. அதன்மேல் காய்கறிகள், ஒரு கோப்பை மாஸ் என்ற புளித்த பால், எல்லாம் சேர்ந்து ஓர் இருபது. 111. உங்கள் மீட்டர் சொன்னதற்கு இதுவே போதுமான விளக்கம் என்று நினைக்கிறேன். காய்ச்சல், தூக்கமின்மை, ஸ்டீராய்டு மாத்திரை ஆகியவையும் காலைச் சர்க்கரையை ஏற்றக்கூடியவை. அப்படி ஏதாவது இருந்திருந்தால் டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள்.

பொருள் பட்டியலை எப்படிப் படிப்பது என்றும் கேட்டிருந்தீர்கள். எடை அதிகமானது முதலில், குறைவானது கடைசியில் என்பது சட்டம். முதல் நான்கு பொருள்களுக்குள் ஸ்டார்ச், மாவு, மால்டோடெக்ஸ்ட்ரின், டெக்ஸ்ட்ரோஸ், குளுக்கோஸ் சிரப், அரிசி மாவு, டாபியோகா, ரஸ்க் ஆகியவற்றில் ஏதாவது இருந்தால், முன்பக்கத்தில் என்ன எழுதியிருந்தாலும் எண்களைப் பார்க்காமல் வாங்காதீர்கள். டாபியோகா என்பது நம் மரவள்ளிதான். மாடிஃபைட் ஸ்டார்ச் என்பதும் பெரும்பாலும் செரிக்கக்கூடிய ஸ்டார்ச்சே. பட்டியலில் இன்னொரு நுணுக்கம் உண்டு. சர்க்கரை, டெக்ஸ்ட்ரோஸ், குளுக்கோஸ் சிரப், பழச்சாற்று அடர்சாறு என்று நான்கு பெயரில் பிரித்துப் போட்டால் ஒவ்வொன்றும் கீழே இறங்கிவிடும். மொத்தத்தைச் சேர்த்தால் அவைதான் முதலிடத்தில் இருக்க வேண்டியவை. ஆஃப்ரிகான்ஸ் மட்டும் தெரிகிற பக்கமாகப் பாக்கெட் கைக்கு வந்தால், சூய்க்கர் என்பது சர்க்கரை, ஸ்டைசல் என்பது ஸ்டார்ச்.

அட்டவணையே இல்லாத பாக்கெட்டும் இருக்கும். ஆர் 146-இன்படி, சத்துகளைப் பற்றி ஏதாவது பெருமை சொல்லிக்கொள்ளும் பாக்கெட்டுக்குத்தான் அட்டவணை கட்டாயம். சும்மா விற்கும் ஊறுகாய்க்கும் சட்னிக்கும் இல்லாமல் இருக்கலாம். அங்கே பொருள் பட்டியல் ஒன்றுதான் துணை. பழச் சட்னிகளில் பாதிக்குப் பக்கம் சர்க்கரையாக இருப்பது சாதாரணம். மாங்காய், எண்ணெய், மிளகாய், உப்பு என்று மட்டும் எழுதிய அச்சாரில் ஒரு தேக்கரண்டிக்குக் கவலையில்லை.

மகன் வாங்கித் தந்த பாண்டிங் ரஸ்க், சர்க்கரையில்லாச் சாக்லேட் பற்றி. பாண்டிங் என்ற சொல் 1863-இல் லண்டனில் தன் எடை குறைந்த விதத்தைச் சிறு நூலாக எழுதிய வில்லியம் பாண்டிங் என்பவரின் பெயர். இந்த நாட்டில் அது குறைந்த மாவுச்சத்து உணவுக்கே பெயராகிவிட்டது. பாக்கெட்டின் முன்பக்கத்தில் அந்தச் சொல்லைப் பார்த்ததும் நம்பிவிடாதீர்கள். அது ஓர் அளவைக் குறிக்கும் சொல் அல்ல. அந்த ரஸ்க்குக்கு நீங்கள் எழுதிய எண்களில் ஆற்றல் 1800 கிலோஜூல், புரதம் 12, க்ளைசீமிக் கார்போஹைட்ரேட் 12, கொழுப்பு 30, நார்ச்சத்து 10. கூட்டிப் பாருங்கள்: 204, 204, 1110, 80. மொத்தம் 1598. இன்னும் 200 கிலோஜூல் எங்கே? பொருள் பட்டியலில் மால்டிட்டால் இருக்கிறது. மால்டிட்டால், சார்பிட்டால், சைலிட்டால் போன்ற சர்க்கரை ஆல்கஹால்களுக்குக் கிராமுக்கு 10 கிலோஜூல் வைப்பார்கள். 200-ஐப் பத்தால் வகுத்தால் 100 கிராம் ரஸ்கில் ஏறக்குறைய 20 கிராம் மால்டிட்டால்.

இவை எல்லாமே ஒன்றுபோல் அல்ல. எரித்ரிட்டால் ரத்தச் சர்க்கரையை அசைப்பதே இல்லை, கணக்கில் பூஜ்யம். சைலிட்டால் கொஞ்சம் அசைக்கும். மால்டிட்டால் பாதி அளவுக்குக் குளுக்கோஸாகவே வேலை செய்யும். ஆகவே மால்டிட்டாலைப் பாதியாக எண்ணுங்கள் என்பது என் ஆலோசனை. 100 கிராம் ரஸ்குக்கு 12 அல்ல, 22 என்று வைத்துக்கொள்ளுங்கள். எரித்ரிட்டால் தவிர மற்றவை அதிகமானால் வயிறு ஊதும், பேதியாகும். வீட்டில் நாய் இருந்தால் சைலிட்டால் சேர்த்த எதையும் அதற்கு எட்டாத இடத்தில் வையுங்கள். நமக்குச் சாதாரணமான அளவு நாயின் உயிருக்கே ஆபத்து.

இடைவெளி இருக்கிறது, பட்டியலில் சர்க்கரை ஆல்கஹாலும் இல்லை, கிளிசரினும் இல்லை என்றால், 200-ஐப் பதினேழால் வகுத்து 12 கிராம் மாவுச்சத்து எழுதாமல் விடுபட்டிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு அந்தப் பொருளைத் தவிர்த்துவிடுங்கள். புரோட்டீன் பார்களில் ஐசோமால்டோ ஆலிகோசாக்கரைடு என்ற பெயரைப் பார்த்தால், அதை நார்ச்சத்து என்று காட்டியிருந்தாலும் முழுக்க நம்ப வேண்டாம்; அதில் ஒரு பங்கு சிறுகுடலிலேயே செரித்துக் குளுக்கோஸாகிறது. சிக்கரியிலிருந்து வரும் இனுலின் அப்படியல்ல, அது உண்மையான நார்ச்சத்துதான்.

குளிர்பானத்தில் ஒரு புதுச் சிக்கல். 2018 ஏப்ரல் முதல் 100 மி.லி.க்கு 4 கிராமுக்கு மேல் உள்ள சர்க்கரைக்கு வரி வந்ததால், பல பானங்களில் சர்க்கரையைக் குறைத்து மீதி இனிப்புக்குச் செயற்கை இனிப்பூட்டிகளைச் சேர்க்கிறார்கள். பட்டியலில் சுக்ரலோஸ் இருப்பதைப் பார்த்து அது டயட் பானம் என்று நினைத்துவிடக் கூடாது. 100 மி.லி.க்கு 4 கிராம் என்றாலும் 500 மி.லி. புட்டியில் 20 கிராம். முழுப் பழச்சாறு இந்த வரிக்கே உட்படவில்லை. அதில் 100 மி.லி.க்கு 10 கிராம் அளவுக்குச் சர்க்கரை இருக்கும்.

புரட்டாசியின் மிச்ச நாளுக்கு என்ன சமைப்பது? விரதத்தை விட வேண்டிய அவசியமே இல்லை. லேபிள் படிக்கத் தேவையில்லாத பொருள்களுக்குத் திரும்புங்கள், அவ்வளவுதான். பனீரில் 100 கிராமுக்கு 3 கிராம் அளவில்தான் மாவுச்சத்து. கெட்டி டோஃபுவில் இரண்டு மூன்று. மசாலா எதுவும் சேர்க்காத வெறும் சோயா உருண்டைகள் கிடைத்தால், சுவையூட்டிய மின்ஸுக்குப் பதில் அவற்றை வாங்கி, ஊறவைத்துப் பிழிந்து, உங்கள் வீட்டு மசாலாவிலேயே சமையுங்கள். முளைக்கீரை, முட்டைக்கோஸ், காலிஃபிளவர், கத்தரிக்காய், வெண்டைக்காய், பச்சை பீன்ஸ் காய் ஆகியவற்றைத் தாராளமாகச் சேர்க்கலாம். வறுத்த வேர்க்கடலை ஒரு கைப்பிடி, 30 கிராம், அதில் இரண்டு மூன்று கிராம் மாவுச்சத்து. பருப்பை நிறுத்தச் சொல்ல மாட்டேன். ஆனால் வெந்த பருப்பு அரைக் கோப்பைக்கு 15 கிராம் என்று நோட்டில் எழுதிவிட்டுச் சாப்பிடுங்கள். சில்லி பைட்ஸ் என்ற பஜ்ஜிக்குப் போடும் கடலை மாவிலும் பாதிக்குப் பக்கம் மாவுச்சத்துதான். தயிர் வாங்கும்போது இனிப்பில்லாத டபுள் க்ரீம் பாருங்கள். கொழுப்புக் குறைத்த பழத் தயிரில் சர்க்கரையோடு ஸ்டார்ச்சும் சேர்ந்திருக்கும்.

விரதம் முடிந்து மீனும் இறைச்சியும் திரும்பும்போது இதே கண்ணோடு பாருங்கள். தக்காளிச் சாஸில் வரும் பில்சர்ட் மீன் டின்னில் சாஸைக் கெட்டியாக்க ஸ்டார்ச் சேர்ப்பது உண்டு. மீனை எடுத்துச் சாஸில் பாதியை விட்டுவிட்டு உங்கள் தக்காளியில் குழம்பு வைத்தால் தீர்ந்தது. சாசேஜைப் போர்வோர்ஸ் என்ற பெயரில் விற்க வேண்டுமானால் குறைந்தது 90 விழுக்காடு இறைச்சி இருக்க வேண்டும் என்பது விதி. மாடு சாப்பிடாதவர்களுக்கு ஆட்டிறைச்சியில் செய்ததும் கிடைக்கும். வேறு பெயர்களில் வரும் மலிவான சாசேஜுகளுக்கும் போலோனிக்கும் அந்தப் பெயரின் பாதுகாப்பு இல்லை. ரஸ்க், ஸ்டார்ச், சோயா எவ்வளவு என்று எண்களைப் பார்த்தே வாங்குங்கள்.

ஒரு கிராம் துல்லியமாகக் காட்டும் சமையலறைத் தராசு ஒன்று வாங்குங்கள். கிண்ணத்தை வைத்துப் பூஜ்யமாக்கிவிட்டு, சமைக்கும் முன் உலர் எடையை எழுதுங்கள். கணக்கு ஒரே ஒரு பெருக்கல்: 100 கிராம் கட்டத்தில் உள்ள க்ளைசீமிக் கார்போஹைட்ரேட் பெருக்கல் நீங்கள் தின்ற கிராம், வகுத்தல் நூறு. பரிமாறல் கட்டத்தைத் தொடவே வேண்டாம். ஏதாவது ஒரு பாக்கெட் மீது சந்தேகம் தீரவில்லை என்றால், மற்றவை எதுவும் மாறாத ஒரு வேளையில் அதைச் சாப்பிட்டு, சாப்பிடுவதற்கு முன்னும் முதல் வாய் வைத்ததிலிருந்து சரியாக இரண்டு மணி நேரம் கழித்தும் விரலில் குத்திப் பாருங்கள். வேறொரு நாளும் அதையே செய்யுங்கள். இரண்டு முறையும் 3 புள்ளிக்கு மேல் ஏறினால், லேபிள் என்ன சொன்னாலும் அது உங்களுக்கு ஆகாது.

டாக்டர் விஷயம் மிக முக்கியம், அதனால் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். மெட்ஃபார்மின் மட்டும் எடுக்கும்போது சர்க்கரை ஆபத்தாகத் தாழ்வது அரிது. கிளிக்ளசைடு அப்படியல்ல, அது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும், நீங்கள் மாவுச்சத்து சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்க்காது. நீங்கள் 110 கிராம் சாப்பிடும்போது வந்த எண்ணைப் பார்த்து மாத்திரை எழுதப்பட்டு, அதே வாரத்தில் நீங்கள் 60-க்கு இறங்கினால், சர்க்கரை 4-க்குக் கீழே போகலாம். ஆகவே அடுத்த சந்திப்புக்கு முன்பே டாக்டரின் அறைக்குத் தொலைபேசியில் சொல்லி, கணக்கில் பிழை இருந்தது, திருத்திவிட்டேன், இரண்டு வார எண்களைப் பார்த்து முடிவு செய்யலாமா என்று கேளுங்கள். முடிவு அவருடையது. நீங்களாக மெட்ஃபார்மினைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். டாபாக்லிஃப்ளோசின், எம்பாக்லிஃப்ளோசின் வகை மாத்திரை எப்போதாவது பரிந்துரைக்கப்பட்டால், குறைந்த மாவுச்சத்து சாப்பிடுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்த வகை மாத்திரையும் குறைந்த மாவுச்சத்து உணவும் சேர்ந்தால் ரத்தச் சர்க்கரை அதிகம் ஏறாமலேயே கீட்டோ அமிலம் கூடும் ஆபத்து உண்டு.

கிளிக்ளசைடு தொடங்கவே வேண்டியிருந்தால், கைநடுக்கம், வியர்வை, படபடப்பு வந்ததும் மீட்டரில் பாருங்கள். 4-க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். அந்த நேரத்தில் சுகர் ஃப்ரீ என்று எழுதிய எதுவும் உதவாது. வீட்டுக்காரருக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது நோட்டோடு, க்ரீமர், சூப், மின்ஸ் மூன்றின் காலிப் பாக்கெட்டுகளையும் எடுத்துச் செல்லுங்கள். நாளை காலை டீயிலிருந்து க்ரீமரை நிறுத்திவிட்டு, பதினாலு நாள் வெறும் வயிற்று எண்ணைத் தேதி போட்டு எழுதுங்கள்.